மார்க்குசுக்குக் கழித்த கண்ணூறு

டுசல்டோர்ஃப்
02.10.1988

என் அருமை மருமகள் பாமாவுக்கு,

உன் மாமா சோதிலிங்கம் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டுக் குளிர்தான் என்னைக் கண்டு நடுங்குகிறது. என் அக்கா, நீ, உன் தம்பி யோகன் மூன்று பேரும் சுகமாய் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மற்றதை எழுதுகிறேன்.

எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. அகதிகளுக்குப் படியளக்கிற சோசியல் அம்ட் கந்தோர் என்னை அழைத்து, "மிஸ்டர் சோதிலிங்கம், எங்கள் ஐஸ் மைதானம் உங்களைத்தான் நம்பியிருக்கிறது" என்று சொல்லிக் கையில் ஒரு தும்புத்தடியைத் தந்தது. அங்கே விளையாடுவது ஐஸ் ஹொக்கி. ஊரில் பெடியன்கள் புல்லில் அடிக்கிற ஹொக்கிதான். ஆனால் சப்பாத்துக்குக் கீழே கத்தி இருக்கும், பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. வெள்ளிக்கிழமைகளில் பத்தாயிரம் சனம் வரும். அவர்கள் போனபின் படிகளைக் கூட்டுவது நான். பயிற்சிக்காரர் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. நேற்றும் "லைட்டை நிப்பாட்டவோ?" என்று கேட்டார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கனடாவில் பெரிய கழகங்கள் இருக்கின்றன. வருசா வருசம் உலகத்துப் பெடியன்களில் நல்லவர்களைத் தெரிந்தெடுப்பார்கள். உடனே கூட்டிப்போவதில்லை. மரத்தில் நிற்கிற பலாக்காய்க்குச் சொல்லிவைக்கிற மாதிரி, "இது எங்களுக்கு, முற்றட்டும்" என்று விட்டுவைப்பார்கள். எங்கள் கழகத்தில் அப்படி இரண்டு பேர். ஒருவன் ஊவே, போன வருசம் எடுத்தது. கட்டை வண்டி மாதிரி ஓடுவான், சனம் அவனை மறந்துபோயிற்று. மற்றவன் மார்க்குஸ், இந்த வருசம் எடுத்தது. யோகனின் வயது. மின்னல். தெருவில் போனால் பேக்கரிக்காரி காசு வாங்கமாட்டாள். அவன் ஐசில் இறங்கினால் பத்தாயிரம் சோடிக் கண்ணும் அவன்மேல்தான்.

அந்தப் பிள்ளை இப்போது விளையாட ஏலாமல் நிற்கிறான் பாமா. விளையாட்டுக்கு முன்னால் தின்றதெல்லாம் சத்தி எடுக்கிறான். சப்பாத்துக் கயிறு கட்டும்போது கை நடுங்குகிறது. நேற்றுவரை கடவுள் என்று சொன்ன சனம் இன்றைக்கு விசில் அடிக்கிறது. டொக்டர் மூன்று பேர் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்கிறார்கள். எனக்கு ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. இது கண்ணூறு.

அகதிகள் எல்லோரும் தங்கியிருக்கிற இந்த ஹைமில் மிளகாய் எரிக்க வழியில்லை. போன மாதம் ஒரே ஒரு செத்தல் மிளகாயைப் பொரித்ததற்கு ஏழு தீயணைப்பு வண்டி வந்தது. ஆகவே அவனுடைய படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அக்காவின் கைக்கு இறங்காத கண்ணூறு கிடையாது. படத்தைச் சுற்றிக் கழித்துவிடச் சொல்லு.

உங்கள் பேரைச் செருமனியில் காப்பாற்றிக்கொண்டிருக்கும்,
மாமா சோதிலிங்கம்


கொக்குவில்
29.10.1988

அன்புள்ள மாமாவுக்கு,

படமும் கடிதமும் கிடைத்தன. ஏழு தீயணைப்பு வண்டி என்று வாசித்ததும் அம்மா, "ஒண்டு வந்திருக்கும், அதுவும் வேற வீட்டுக்கு" எண்டா. நீங்கள் இல்லாமல் வீட்டில் சிரிப்பதற்கு ஆள் இல்லை. கடிதமாவது வருகிறதே.

21ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கழித்தா. உப்பு, செத்தல் மிளகாய், சந்தி மண். மூன்று தரம் படத்தைச் சுற்றி அடுப்பில் போட்டா. மாமா, வழக்கமாக மிளகாய் நெருப்பில் விழுந்தால் நாலு வீடு தள்ளியும் இருமுவார்கள். அன்றைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் அடுப்படியில் குனிந்து மணந்து பார்த்தேன், வெறும் புகைதான். அம்மாவின் முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. "இது ஆரோ ஒருத்தற்ற கண் இல்லை பிள்ளை. ஒரு ஊரே பாத்திருக்கு" எண்டா.

சாம்பலை முச்சந்தியில் கொட்டிவிட்டுத் திரும்பினோம். அந்த நேரம் பார்த்து யோகன் டியூசன் முடிந்து சைக்கிளில் வந்தான். அம்மா கத்துவதற்கு முன்னமே அதன்மேலால் ஏறி வந்துவிட்டான். "ஏன் ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்று சிரித்தான். கால் கழுவவைத்துத்தான் உள்ளே விட்டோம்.

யோகனுக்கு ஏப்ரலில் சோதனை. படிக்கிறான்.

உங்கள் மருமகள்,
பாமா


டுசல்டோர்ஃப்
20.11.1988

வெற்றிச் செய்தி கேட்கத் தயாராய் இருக்கும் மருமகளுக்கு,

அக்காவின் கைக்குத் தங்கக் காப்பு போடவேணும்! அதே 21ஆம் திகதி, அதே வெள்ளிக்கிழமை. இருபதாயிரம் சனம். மார்க்குஸ் இறங்கினான். வழக்கமாகக் கூரை எழும்புகிற அளவுக்குக் கத்துவார்கள். அன்றைக்கு ஒரு வாய் திறக்கவில்லை. ஒருவரும் அவனைப் பார்க்கவும் இல்லை. பெடியன் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஓடினான். மூன்று கோல்!

ஒரு சின்னப் புதினமும் நடந்தது. எனக்கு முன்னால் இருந்த கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆர் இந்தப் பெடியன்? புதுசோ?" என்று கேட்டார். மற்றவருக்கும் தெரியவில்லை. கிழவரின் கழுத்துச் சால்வையில் மார்க்குசின் பேர்தான் தைத்திருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். அவர் வாசித்தார், தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "இது ஆர் தந்தது எண்டு ஞாபகம் இல்லை" என்றார்.

பரவாயில்லை, வயது போன ஆள். மார்க்குஸ் நன்றாகச் சாப்பிடுகிறான். பேக்கரிக்காரி காசு வாங்குகிறாள். பயிற்சிக்காரர் என்னை உதவிப் பயிற்சிக்காரராக்கும் யோசனையில் இருப்பது அவருடைய நடையிலேயே தெரிகிறது.

மாமா சோதிலிங்கம்


கொக்குவில்
11.12.1988

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் பத்தாயிரம், பிறகு இருபதாயிரம். உங்கள் மைதானம் கடிதத்துக்குக் கடிதம் வளர்கிறது. இந்த ஒரு தரம் கை, கால், மூக்கு ஒன்றும் வைக்காமல் எனக்குப் பதில் எழுதுங்கோ.

யோகனை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பஸ்சில் ஏறினால் முன்னால் இருக்கிற அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். சந்தையில் பேரம் பேசுகிற பெண்கள் வாயை மூடிவிட்டுப் பார்க்கிறார்கள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏதோ செய்யப்போகிறான் என்று காத்திருக்கிற பார்வை. தெருநாய்கூடக் குரைக்காமல் இருந்து பார்க்கிறது. பிள்ளை காலையில் சத்தி எடுக்கிறான். பேனை பிடிக்கக் கை நடுங்குகிறது.

போன கிழமை மத்தியானம் கிணற்றடியில் நின்றவன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தச் சனம் எங்க நிக்குது?" எண்டான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு தரம் காலால மிதிக்கினம், ஒரு தரம் கை தட்டினம். பிறகு ஒரு பேர் சொல்லினம். என்ர பேர் இல்லை" எண்டான். மாமா, உங்கள் சனம் எப்படிக் கத்தும் என்று நீங்கள் ஒருநாளும் எழுதவில்லை. நான் எல்லாக் கடிதத்தையும் திரும்ப எடுத்து வாசித்துப் பார்த்தேன்.

இங்கேயும் தெரிந்தெடுக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. படை ஊரைச் சுற்றிவளைத்துப் பெடியன்களை வரிசையில் விடும். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் அந்தப் பெடியனை ஏற்றிவிடுவார்கள். பிறகு தேடிப் போகிற தாய்மாருக்குப் பதில் இல்லை. பக்கத்து ஊரில் நடந்துவிட்டது, அடுத்தது நாங்கள்தான் என்கிறார்கள். யோகன் ஒரு பிழையும் செய்யாதவன். ஆனால் பார்க்கிற கண் எல்லாம் அவனில் நிற்கும்போது, அந்த இரண்டு ஓட்டைக்குள் இருக்கிற கண் மட்டும் விலகுமா?

அம்மா சொல்லுறா, கழித்ததை மிதித்தவனிடம் இருந்து சும்மா இறக்க ஏலாதாம். பார்த்த அதே கண்களுக்கு முன்னால் திரும்பக் கழித்து, இரத்த உறவு ஒன்று தெரிந்துகொண்டே அதை மிதிக்கவேணுமாம். இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்று அம்மா என் கையைப் பிடித்தா. நான் எழுதிவிட்டேன். யோகனின் படமும் வைத்திருக்கிறேன்.

பாமா


டுசல்டோர்ஃப்
08.01.1989

என் மருமகளுக்கு,

இரண்டு மிதி, ஒரு தட்டு, பிறகு மார்க்குசின் பேர். அது எங்கள் சனம்தான். அக்டோபரில் இருந்து இங்கே அது கேட்கவில்லை.

இனிக் கவலையை விடு. சோதிலிங்கம் இருக்கும்போது யோகனுக்கு என்ன குறை? வெள்ளிக்கிழமை இடைவேளை. ஐசை மட்டமாக்குகிற மெசின் ஓடி முடிந்து, மைதானம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஐம்பதாயிரம் சனம் (சரி, சரி, நீ விரும்பியதை வைத்துக்கொள்). நான் வாசல் கதவைத் திறந்து, சாதாரணச் சப்பாத்தோடு நடுவுக்கு நடந்தேன். மூன்று தரம் விழுந்தேன் என்று ஆரும் சொன்னால் நம்பாதே, இரண்டு தரம்தான். சனம் சிரித்தது, விசில் அடித்தது. யோகனின் படத்தை எடுத்து, உப்பும் மிளகாயும் மண்ணும் சேர்த்து அதைச் சுற்றி மூன்று தரம் கழித்தேன். நெருப்பு இல்லை. கழித்ததை அப்படியே ஐசில் போட்டு, இரண்டு காலாலும் ஏறி நின்றேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று. அவ்வளவு சனமும் என்னையே பார்த்தது. உனக்குத்தான் தெரியுமே, உன் மாமாவுக்கு அது ஆயுள்முழுக்க ஆசை. பிறகு தொடங்கினார்கள். இரண்டு மிதி, ஒரு தட்டு. என் பேர் அவர்களுக்குத் தெரியாது. அதனால் பேர் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வாயை மட்டும் திறந்து மூடினார்கள். திரும்ப இரண்டு மிதி, ஒரு தட்டு.

உப்பு ஐசைத் தின்றுவிட்டது. என் கால் அளவுக்கு ஒரு குழி. தண்ணீர் விட்டு உறையவைத்துப் பார்த்தார்கள், திரும்பவும் குழி. அதோடு என் உத்தியோகம் முடிந்தது. கழகத்துக்குத்தான் நட்டம்.

அன்றைக்குக் கனடாவில் இருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். மார்க்குசைப் பார்க்கத்தான் வந்திருக்கவேணும். அவன் அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் இரண்டு கோல் போட்டான். அவர்கள் ஊவேயோடு கைகொடுத்துப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். கட்டை வண்டி என்று நான் சொன்ன ஊவே ஆரும் பார்க்காத இடத்தில் முற்றியிருக்கிறான். மார்க்குசைத் தெரிந்தெடுத்தது தாங்கள்தான் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. பெடியன் கையில் தடியோடு அவர்கள் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தான்.

மாமா சோதிலிங்கம்


கொக்குவில்
30.01.1989

அன்புள்ள மாமாவுக்கு,

20ஆம் திகதி சுற்றிவளைத்தார்கள். விடிய ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வளவுக்குள் எல்லோரையும் இருத்தினார்கள். நானும் அம்மாவும் வேலிக்கு வெளியே நின்றோம். யோகனுக்கு முன்னால் போன பெடியனுக்கு ஜீப்புக்குள் இருந்த சாக்குத் தலை ஆடியது. யோகனுக்குப் பின்னால் வந்தவனுக்கும் ஆடியது. யோகன் ஜீப்புக்கு முன்னால் நின்றபோது அந்தச் சாக்கு நிமிரவே இல்லை. காவலுக்கு நின்றவன், நடுவில் ஆள் இல்லாத மாதிரி, அடுத்தவனைக் கை காட்டி அழைத்தான். யோகன் தானாக நடந்து வெளியே வந்தான். வாசல் படலையில் ஒருவரும் மறிக்கவில்லை.

மாமா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடவேணும் போல இருக்கிறது.

ஆனால் இதையும் எழுதவேணும். பஸ்சில் கொண்டக்டர் அவனிடம் காசு கேட்பதில்லை. டியூசனில் மாஸ்டர் அவன் பேரைத் தாண்டி வாசிக்கிறார். முந்தநாள் அம்மா இரண்டு சோற்றுக்கோப்பை வைத்தா. யோகன் முன்னால் இருக்கிறான். "அம்மா, எனக்கு?" எண்டான். அம்மா திடுக்கிட்டு, "எப்ப ராசா வந்தனி?" எண்டா. அவன் காலையில் இருந்து வீட்டில்தான் இருந்தான்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையாக எழுதுங்கோ.

பாமா


டுசல்டோர்ஃப்
19.02.1989

பாமா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். ஹைமில் இருக்கிற அத்தனை பேரும் நான் குடித்து முடிக்கும்வரை பார்த்தார்கள்.

நான் சுகம். ட்ராமில் ஏறினால் திரும்பிப் பார்க்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. ஸ்டேசனில் பொலிஸ் என்னைத்தான் மறிக்கிறது. முந்தியும் மறிக்கும், ஆகவே அதை இதில் சேர்க்காதே. எதிர்வீட்டு யன்னலில் ஒரு குடும்பம் கதிரை போட்டு இருக்கிறது. நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று காத்திருக்கிறார்கள். என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தால் செய்துகாட்டிவிடுவேன்.

இரண்டு மிதி, ஒரு தட்டு இங்கேயும் கேட்கிறது. முந்தி அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. இந்தக் கிழமை அந்த இடத்தில் ஏதோ சொல்லிப் பார்க்கிறார்கள். "சோ" என்று தொடங்குகிறது. அதை விடு.

இப்போது சொல்வதைக் கவனமாய்க் கேள். மார்க்குஸ் பயிற்சிக்கு வருகிற நேரம் நான் வெளிக் கதவடியில் போய் நிற்பேன். உள்ளே விடமாட்டார்கள். அவன் வரும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கோல் போட்டாயா என்று கேட்கமாட்டேன். "மார்க்குஸ், சாப்பிட்டியோ?" என்று மட்டும் தமிழில் கேட்பேன். முதல் நாட்களில், தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். இப்போது தூரத்திலேயே கையைத் தூக்குகிறான். போன வியாழன் பேக்கரிக்காரி வாசலில் நின்று, "உன்னை எனக்குத் தெரியுமே தம்பி" என்று அவனை உற்றுப் பார்த்தாள்.

அதனால் நீ யோகனை ஒவ்வொரு நாளும் பார். சோதனை பாஸ் பண்ணுவானா, வீட்டைத் தூக்கி நிறுத்துவானா என்று பார்க்காதே. சும்மா பார். பேர் சொல்லிக் கூப்பிடு. கோப்பை வைக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்து மூன்றாவதை வைக்கச் சொல்லு. ஊர் பார்க்கத் தேவையில்லை. ஒரு ஆளின் கண் போதும் அவனுக்கு.

எழுதி முடிக்கிற நேரம் வந்துவிட்டது. வெளியே மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள், பேரும் இப்போது முழுதாய் வருகிறது. நன்றாகத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் பாமா, நீயும் ஒரு நாளைக்கு ஒரு தரம், வேலைக்கு நடுவில், "மாமா, சாப்பிட்டியளோ?" என்று கேட்டுவிடு. எனக்குக் கேட்கும்.

சோதிலிங்கம்