இரண்டு எழுத்துகள்

ஜூன் 10, 2024
டெங்குவின் நான்கு வகைகளும் அதைப் பரப்பும் நுளம்பின் உடலுக்குள் பெருகாமல் அடங்கிவிட்டன. நாங்கள் செலுத்தும் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு, வைரஸின் மரபுச் சரத்தில் இருபத்தொரு எழுத்துகளைத் தேடிப் பொருந்துகிறது. நுளம்பின் உடலே அந்த இடத்தில் சரத்தை வெட்டிவிடுகிறது. நான்கு வகைகளிலும் அந்த எழுத்துகள் ஒன்றே. ஜூலை முடிவில் அறிக்கை போகவேண்டும் என்றார் பேராசிரியர் நாகேந்திரம். மூன்று வருட வேலை. வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்கு ஐஸ்கிறீம் வாங்கிப்போனேன்.

ஜூன் 14
மெல்ரோய் வரவில்லை. ஆய்வுகூடத்தில் நுளம்பு வளர்ப்பவர் அவர். கொட்டாஞ்சேனையிலிருந்து போன் எடுத்தார். மனைவி டில்ஷானிக்கு டெங்கு.

ஜூன் 16
ஆஸ்பத்திரிக்குப் போனேன். டில்ஷானிக்கு பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. மெல்ரோய் என்னை வெளியே கூட்டிப்போய்க் கேட்டார்: "மிஸ், நம்மட கூட்டிலருந்து நுளம்பு ஒண்ணு தப்பி, என்னோடயே வீட்டுக்கு வந்திருக்குமா?"
இராது என்று சொன்னேன். எனக்கென்ன தெரியும்? இரத்தத்தில் உள்ள வைரஸின் மரபுச் சரத்தை வாசித்தால் தெரியும். டில்ஷானி சம்மதித்தாள். டாக்டரும் மாதிரி தந்தார்.

ஜூன் 19
பிளேட்லெட் ஏறுகிறது.

ஜூன் 24
எங்களுடைய வைரஸ் இல்லை! சொன்னதும் மெல்ரோய் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.
பிறகுதான் பார்த்தேன். எங்கள் துண்டு பொருந்தவேண்டிய இடத்தின் நடுவில் இரண்டு எழுத்துகள் மாறியிருக்கின்றன. ஐயோ, இதை ஏன் பாத்தன்?

ஜூலை 22
பரிசோதித்தாயிற்று. டில்ஷானியின் வைரஸ், துண்டைப் பொருட்படுத்தாமல் நுளம்புகளுக்குள் பெருகியிருக்கிறது.
பேராசிரியரிடம் காட்டினேன். "ஒரு சாம்பிள்தானே, நிருஷா. பிறகு பாப்பம்."

ஜூலை 23
ஒன்றுதான். ஆனால் ஊருக்குள் உலாவுவது இதுதானே? நாங்கள் சோதித்த, உறைபெட்டியில் இருக்கிற பழைய வைரஸ் யாருக்குத் தொற்றப்போகிறது?

ஜூலை 29
அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, ஒரு வைரஸ் தப்பியதை எழுதினேன். பேராசிரியர் இரண்டு தரம் வாசித்தார். தலைப்பில் 'எல்லா டெங்கு வைரஸ்களுக்கும்' என்றிருந்ததை வெட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

செப்டெம்பர் 3
ஒன்றுக்குப் பதிலாக மூன்று துண்டுகள், மூன்று இடங்கள். ஒன்று தவறினாலும் மற்றது பிடிக்கட்டும். முதலிலிருந்து தொடங்குகிறோம்.

நவம்பர் 19
கொட்டாஞ்சேனை வைரஸ் ஏற்றிய நாற்பது நுளம்புகளில் முப்பத்தாறில் ஒன்றுமில்லை. நான்கில் இருக்கிறது. மெல்ரோய் கணக்கைத் திரும்பவும் சரிபார்த்து, டில்ஷானிக்கு போன் எடுக்கப் போனார்.
பேராசிரியர் வந்து தாளைப் பார்த்தார்.
"அந்த நாலையும் எழுதிப்போட்டீரோ?"
"ஓம் சேர்."
"முதல் பக்கத்தில போடும்" என்றார்.