அம்மாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்

அம்மா,

இன்று காலை கடைக்குப் புது யூனிஃபார்ம் மூட்டை வந்தது. பிளாஸ்டிக் உறையை வெட்டியதும் குப்பென்று ஒரு வாசனை எழுந்தது. சாயமும் கஞ்சியும் கலந்த, இன்னும் யார் உடம்பிலும் ஏறாத துணியின் வாசனை. எண்ணெய் சூடேறாத நேரம் என்பதால் கடை முழுக்க அது ஒன்றுதான் இருந்தது. சிவப்பு டி-ஷர்ட், கறுப்புப் பேண்ட், தொப்பி. அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றுவிட்டது. உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் இந்தக் கடைக்கு நீ என்னோடு வந்தது துணைக்குத்தான். அப்பா போன பிறகு நாம் கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா கெட்டவர் இல்லை. சோறு போட்டார், என்னை பி.ஏ. வரை படிக்க வைத்தார். ஆனால் அந்த வீட்டில் எதற்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நீ கடைத்தெருவுக்குப் போவதென்றால்கூடப் பெரியம்மாவிடம் சொல்லி, பெரியம்மா அவரிடம் சொல்லி, அப்புறம்தான் செருப்பைத் தேடுவாய். வேங்கிக்காலில் ஒரு கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, "வயசுப் பொண்ணு தனியா போக வேணாம், நீயும் கூடப் போ" என்று உன்னை அனுப்பியவரும் அவர்தான்.

கலெக்டர் ஆபீஸ் தாண்டி, சிக்கனும் பர்கரும் விற்கிற கடை. கண்ணாடிக் கதவில் ‘ஆட்கள் தேவை, அனுபவம் அவசியமில்லை’ என்று ஒட்டியிருந்தார்கள். அந்தக் கடைசி இரண்டு சொல்லை நம்பித்தான் நான் உள்ளே போனேன். ஏசி குளிரில் நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். வேலூர்க்காரரான மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னிடம் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் "இல்ல சார், தெரியாது சார்" என்றுதான் சொன்னேன். "பரவால்ல, கத்துக்கலாம்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உனக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"தம்பி, நானும் சேரலாமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"உங்களுக்கு இதுல பழக்கம் இருக்காம்மா?" என்றார் அவர்.

"எதுவும் தெரியாது தம்பி. இந்தக் கடைல விக்கறது எதையும் நான் தின்னுகூடப் பாத்ததில்ல. சொல்லிக் குடுத்தீங்கன்னா கத்துக்குவேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சேர்த்துக்கலாம். ஆனா பேண்ட் போடணும்மா. சேலையோட எண்ணெய் கிட்ட நிக்க விட மாட்டாங்க."

நீ தரையைப் பார்த்தாய். "சட்டையாவது நீளமா இருக்குமா?"

"டி-ஷர்ட்டுதாம்மா."

நீ முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாய். அப்புறம் நீ "சரி" என்றாய். ஒரே ஒரு சரி.

முதல் நாள், உடை மாற்றும் அறைக்குள் போன நீ வெளியே வரவேயில்லை. கதவைத் தட்டினேன். "இருடி, நடந்து பாக்கறேன்" என்றாய். கதவைத் திறந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய், சேற்று வயலில் கால் வைப்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக்கொண்டு. "கௌசி, காலு ரெண்டும் தனித்தனியா இருக்குதுடி!" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீயே சிரிக்க ஆரம்பித்தாய். அப்பா போன பிறகு நீ அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. மேனேஜர் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய்.

வேலை அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. நான் பில் போடும் இடத்தில் நின்று, ஒருவர் கேட்டதை இன்னொருவர் தட்டில் வைத்தேன். நீ எண்ணெய்க்குப் பக்கத்தில் நின்றாய். மணி அடித்த பிறகுதான் எண்ணெயிலிருந்து கூடையைத் தூக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மேலே சிவந்துவிட்டதே, கருகிவிடுமே என்ற பயத்தில் நீ முன்னாலேயே தூக்கிவிட்டாய். எலும்பு ஓரம் வேகாத துண்டோடு ஒரு ஆள் திரும்பி வந்தார். கடையே பார்க்க மேனேஜர் உன்னைத் திட்டினார். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். மறுபடி கூடையைப் போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாய். மணி அடிக்கும்வரை அந்தக் கை முன்னால் வரக் கூடாது என்று உனக்கு நீயே போட்டுக்கொண்ட கட்டு அது.

கடைப் பண்டங்களின் பேர்கள்தான் உன்னைப் பாடாய்ப் படுத்தின. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாய். "ஜிங்கி பர்கர் ஒண்ணு, ஃப்ரைஸ் லார்ஜ் ஒண்ணு, டேக் அவே." ஒருநாள் கண்டக்டர் குனிந்து, "எங்கம்மா எறங்கணும், தெளிவா சொல்லு" என்று கேட்டார். அதை நினைத்து நினைத்து ஒரு வாரம் சிரித்தோம். பர்கரை முதன்முதலில் கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பன்னுக்கு நடுவுல வடைய வெச்சா அதுக்கு இவ்ளோ பேரா?" என்றாய். ஆனால் முழுவதையும் தின்று முடித்தாய்.

கடையில் உனக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தோம். பேண்ட் பற்றி மட்டும் நாம் இருவருமே வாய் திறக்கவில்லை. பௌர்ணமிகளில் ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டமாக இருக்கும். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்து நாம் வேலைக்குப் போவோம். அன்று யாரும் கறி தொட மாட்டார்கள், நம் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அந்த மாதிரி ஒரு நாளில்தான் மேனேஜர் உனக்குக் கல்லாவைச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் சாப்பாட்டு நேரத்துக்கு நீயே கவுண்டரில் நிற்கத் தொடங்கினாய்.

பெரியப்பா வந்த அன்றும் நீதான் கவுண்டரில் நின்றாய்.

அது ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். பட்டா விஷயமாக ஊர்க்காரர் ஒருவரோடு வந்தவர், பசிக்கு நம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். நான் உள்ளே பர்கர் கட்டிக்கொண்டிருந்தேன். தட்டுகளைத் தள்ளும் இடைவெளி வழியாக அவர் வேட்டியைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் உன் கையைப் பார்த்தேன். அது தோளுக்குப் போய் முந்தானையைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. மெல்லக் கீழே இறங்கி மேசைமேல் உட்கார்ந்தது.

"வாங்க மாமா. உக்காருங்க. என்ன சாப்பிடறீங்க?"

"இன்னா வேஷம் இது?"

"வேஷம் இல்ல மாமா. வேலை."

அவர் குரல் ஏறியது. "நம்ம வூட்டுப் பொம்பள பேண்ட்ட மாட்டிக்கினு, நாலு பேரு முன்னால நின்னு... என் தம்பி இருந்தா இப்படி விட்டிருப்பானா?" கூட வந்தவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் ஓடிவந்தார். "என்ன சார், எதாவது பிரச்சனையா?"

நீ முந்திக்கொண்டாய். "ஒண்ணுமில்ல தம்பி. எங்க வூட்டுக்காரரோட அண்ணன். பேசிட்டிருக்கோம்."

"பேச ஒண்ணுமில்ல" என்றார் பெரியப்பா. "பொண்ணக் கூட்டிக்கினு இப்பவே கெளம்பு. இல்லன்னா ரெண்டு பேரும் இனிமே என் வூட்டு வாசல மிதிக்காதீங்க."

நான் கையுறையைக் கழற்றிவிட்டேன். நாம் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். அவர் சொல்லி நீ கேட்காமல் இருந்ததே இல்லை. நமக்கு வேறு கூரையும் இல்லை.

நீ அவரை நேராகப் பார்த்தாய். குரலை உயர்த்தவில்லை. "டூட்டி சாயங்காலம் முடியும் மாமா. முடிச்சிட்டு வந்து எங்க துணிமணிய எடுத்துக்கறோம்."

அவர் போன பிறகு கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் "வாங்கம்மா, சொல்லுங்க" என்றாய். அவளுக்குப் பெப்சி ஊற்றும்போது ஐஸ் எல்லாம் மேசையில் சிதறியது. நான் ஓடிவந்தேன். "நான் தொடைக்கறேன். நீ உள்ள போ, அங்க மணி அடிக்குது பாரு" என்றாய்.

சாயங்காலம் ஊருக்குப் போனோம். பெரியம்மா அழுதுகொண்டே நம் பைகளில் அரிசியும் மணிலாக்கொட்டையும் திணித்தார். பெரியப்பா உள்ளேயிருந்து வரவில்லை. மேனேஜர் தனக்குத் தெரிந்தவரிடம் பேசி, கடைக்குப் பின்தெருவில் மாடிமேல் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். ஓடு மாதிரிச் சுடும் அறை. ஆனால் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அந்த வீட்டுச் சாவியை நீ இடுப்பில் செருகிக்கொள்வாய். வேலையில் பேண்ட் பாக்கெட்டுக்குள் அது கிடக்கும். அவ்வப்போது கைவிட்டுத் தொட்டுப் பார்ப்பாய். கடைத்தெருவுக்குப் போக நீ யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. முதலில் சில நாள் பழக்கத்தில் என்னிடம் கேட்டாய். "ஏம்மா எங்கிட்ட கேக்கற?" என்றதும் வெட்கப்பட்டுச் சிரித்தாய்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், பெரியப்பா மறுபடி வந்தார். தனியாக வந்தார். மூலை மேசையில் உட்கார்ந்து டீ இருக்கிறதா என்றார். டீ இல்லை என்று நீ வெளியே போய் எதிர்க்கடையில் வாங்கிவந்து வைத்தாய். ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"வேலை ஜாஸ்தியா?"

"நின்னுக்கினே இருக்கணும் மாமா. அதான் காலு வலிக்கும்."

தம்ளரை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். "சின்ன மருமக வேலைக்குப் போறேன்னு நிக்குது. இங்க... சேத்துக்குவாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன். ஆனா பேண்ட் போடணும் மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "போட்டுக்கட்டும்" என்றார்.

நீ ஜெயித்துவிட்டதாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஒரு பொட்டலம் சூடாகக் கட்டி, "அக்காவுக்குக் குடுங்க, காரம் கம்மியாத்தான் இருக்கும்" என்று அவர் கையில் கொடுத்தாய்.

அதற்கப்புறம் உனக்கு வயிற்றில் வலி வந்தது. நின்றுகொண்டே வேலை செய்வதால் வருகிற வலி என்றாய். பெரியாஸ்பத்திரியில் அது வேறு, முற்றிவிட்ட நோய் என்று சொன்னார்கள். நீ கடைக்கு வருவது நின்று மாதங்கள் ஆனாலும், நான் வேலை முடித்து வார்டுக்கு வந்தால் முதல் கேள்வி, "இன்னிக்குக் கூட்டமா?" என்பதுதான். பெரியப்பாவும் பெரியம்மாவும் முறை வைத்து உன்னோடு இருந்தார்கள். அதற்குள் நம் கடையில் சேர்ந்திருந்த அவர்கள் மருமகள், சின்ன அண்ணி, டூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடிவருவாள். அவள் உடம்பில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று பெரியப்பா முணுமுணுப்பார். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி நீ அவள் கையைப் பிடித்துக்கொள்வாய்.

மெலிந்து போய்க் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாய். ஒருநாள் காலையில் புதிதாக வந்த நர்ஸ் உன் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பேர், வயது, ஊர் எல்லாம் நான் சொன்னேன். நீ கண்ணை மூடியிருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்தோம்.

"அம்மா ஹவுஸ் ஒய்ஃப்தான?" என்று நர்ஸ் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதப் போனாள்.

நீ கண் திறக்கவில்லை. வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டாய். "இல்லம்மா" என்றாய், அவள் பேனா நிற்கும்படி. "வேலைக்குப் போறேன்."

போனேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றாய்.

நீ போன பிறகு உன் பொருள் என்று நான் எடுத்து வைத்துக்கொள்ள அதிகம் ஒன்றும் இருக்கவில்லை, அம்மா. அந்த ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். கால் கடுக்கிற நாட்களிலும், யாராவது முகத்துக்கு நேரே கத்திவிட்டுப் போகிற நாட்களிலும், மறுநாள் காலையில் எழுந்து தலை பின்னிக்கொண்டு படியிறங்குவேன். கீழ்வீட்டு அம்மா வாசலில் நின்று, "எங்க கௌசி, இவ்ளோ சீக்கிரமா?" என்று கேட்பார். உன் சொல்லைத்தான் அவருக்குப் பதிலாகச் சொல்கிறேன்.