பேய்க்குக் கொடுத்த குரல்

மயிலாப்பூர், 1927

செங்கமலத்துக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா?

ஊமைப்படக் கொட்டகையில், திரையருகே நின்று கதை சொல்லும் என் வேலை நடக்கிறது. நேற்று பேய்ப்படம். பேய் வாயசைத்ததும் உன்னைப்போலவே, "சோறு ஆறிப்போச்சு, எங்கே சுத்திட்டு வர்றீங்க?" என்றேன். மணல்தரையில் இருந்தவர்கள், "ஷோக்கா கீது நைனா, இன்னும் திட்டச் சொல்லு!" என்று உருண்டு சிரித்தார்கள். பெஞ்சுக்காரர்களோ, "பயப்பட வந்தா பரிகாசமா?" என்று எழுந்துவிட்டார்கள். ஒரு சோடாப்புட்டி என் காதை உரசிப் போனது. காயமில்லை, பயப்படாதே.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ரெண்டு கும்பலும் அடங்கணும். இல்லாங்காட்டி ஊருக்குப் போய்ச் சேரு" என்கிறார் முதலாளி.

உன் முழுத் திட்டையும் கேட்டால் பெஞ்சும் நடுங்கும். உடனே எழுதி அனுப்பு. ஆட்டத்துக்கு மணி அடிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குமேல் எனக்கு நினைவு வரமாட்டேன் என்கிறது.

பொன்னையா