நஸீமா குடித்த இஞ்சி டீ

நவம்பர் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். காற்றும். படகு ஒன்றுகூடப் போகவில்லை, ஆகவே ஏலம் இல்லை. கையளவு மத்தியைத் திமிங்கிலமாக ஏலம் கூறும் மீமிசல் கரையின் மாமன்னனான நான் இன்று வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், இங்கே எழுதப்போவதைப் பூமியில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. என் வாய்க்கு மருத்துவ குணம் உண்டு. நிரூபணம் ஆகிவிட்டது.

என் அக்கா லாத்தாவின் மகள் நஸீமா. நாலாம் மாசம். புருஷன் சவூதியில். பிள்ளைபெறத் தாய்வீடு வந்ததிலிருந்து வாந்தி. தண்ணீர் குடித்தால் வாந்தி, தண்ணீர் என்று சொன்னாலே வாந்தி. மொத்தத்தையும் சேர்த்தால் ரெண்டு கண்மாய் நிரம்பும். லாத்தா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எல்லாப் பொம்பளையும் எடுக்கிறதுதான், பொறுத்துக்க."

பார்க்கச் சகிக்காமல் போன வாரம் கஞ்சா மூட்டைக் கதையை எடுத்துவிட்டேன். போன வருஷம் நம் கரையில் ஒதுங்கிய மூட்டை. எவனோ ரோந்துக்குப் பயந்து கடலில் போட்டது. போலீஸ் வருமுன் கிழிந்து கரையெல்லாம் சிதறிக் கிடந்தது. இதுவரை ஊருக்கே தெரியும். மேற்கொண்டு என் சரக்கு: அதைத் தின்ற நண்டுகள் நேராக நடந்தன. கணவாய் மீன் கூடையைவிட்டு எழுந்து தன் விலையைத் தானே கூறியது. பக்கத்துவீட்டுச் சினை ஆடு ஒரு வாய் தின்றது, மசக்கை பறந்தது.

"நெசமாவா மாமா? ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆகவா? குட்டி பொறந்த ஒடனே டான்ஸுல்ல ஆடுச்சு! ஒன் புள்ளையும் அப்புடித்தான் வரும் பாரு."

சிரித்தாள். எத்தனை நாள் கழித்து. அந்தச் சூட்டில் பரணிலிருந்து பால்பவுடர் டப்பாவை இறக்கி, உள்ளே இருந்த காய்ந்த இலையையும் காட்டினேன். என் கதையை எவனும் நம்புவதில்லை, அதனால் அன்றைக்கே ஒரு பிடி எடுத்து வைத்திருந்தேன்.

லாத்தா: "இந்தக் கருமத்தை எதுக்குடா வீட்ல வச்சிருக்க? கடல்ல போடு."

"சாட்சி லாத்தா, சாட்சி."

இன்று காலை நஸீமா இடியாப்பம் சாப்பிட்டாள். சாப்பிட்டது உள்ளேயே நின்றது. கதை கேட்டே குணமான முதல் கர்ப்பிணி.

நவம்பர் 13, புதன்

வெயில். கொஞ்சம் நண்டு, கொஞ்சம் கிழங்கான் மீன். ஏலம் சீக்கிரம் முடிந்தது. செருப்பு தைக்கக் கொடுக்கணும்.

நஸீமா வாந்தி எடுக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் தூக்கம். எழுந்தால் அவளே இஞ்சி டீ போட்டுக்கொள்கிறாள், யாரையும் அடுப்படிக்குள் விடுவதில்லை. லாத்தா, "ஒன் வாய்க்கு ஒரு நல்லதும் இருக்குடா" என்றாள். வாழ்நாளில் முதல் பாராட்டு. நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது நாற்பது பேராகிவிட்டது.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடி மழை. ஜும்மா முடிந்து வந்தால் பரண் பக்கம் ஒழுக்கு. தார்ப்பாய் சொருக ஏறினேன். டப்பா கையில் பட்டது. கனமே இல்லை.

திறந்தேன். அடியில் கொஞ்சம் தூள்.

அடுப்படி. டீ வடிகட்டி. இஞ்சிச் சக்கையோடு சக்கையாக அந்த இலை.

நஸீமா ஒளிக்கவில்லை.

"நீங்கதானே மாமா சொன்னீங்க."

"நான் என்னத்தைத்தான் சொல்லல? கணவாய் வெல சொல்லுச்சுன்னும்தான் சொன்னேன்."

"அதை நம்பல. ஆட்டை நம்புனேன். போன்ல பாத்த வீடியோவுலயும் ஒரு பொம்பள சொன்னா, இயற்கையானது, வாந்தி நிக்கும்னு. நின்னுச்சே மாமா." பிறகு, "அவுககிட்ட சொல்லிறாதீங்க."

புருஷனைச் சொல்கிறாள். சவூதியில் இருப்பவனுக்குப் பயப்படுகிறாள். எனக்குப் பயம் வயிற்றில் இருப்பதை நினைத்து.

மிச்சத் தூளைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். லாத்தாவிடம் சொன்னேன். திட்டினால் தேவலாம். திட்டவில்லை, விடிந்ததும் ஆஸ்பத்திரி என்றாள்.

நவம்பர் 16, சனி

மூவரும் பஸ்ஸில் அறந்தாங்கி. டாக்டரம்மாவிடம் மானத்தைக் காப்பாற்ற என் வாய் முந்திக்கொண்டது: "ஏதோ நாட்டு மருந்து, பச்சிலை மாதிரி..."

"என்ன பச்சிலை?"

நஸீமா சொன்னாள். "கஞ்சா. டீயில போட்டு."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எத்தனை நாள், எவ்வளவு, புகைத்தாளா, வேறு ஏதும் சாப்பிட்டாளா. கேள்வியில் கோபமே இல்லை.

"போலீஸ்ல சொல்லுவீங்களா?"

"நான் ஒனக்கும் ஒன் புள்ளைக்கும் டாக்டர், அவ்வளவுதான். கேளு. நீ குடிக்கிறது ஒன்னோட நிக்காது, கொடி வழியா அதுக்கும் போகும். புள்ள எடை கொறையலாம். மாசம் நெறையுறதுக்கு முன்னாடியே பொறக்கலாம். வளந்தப்புறம் படிப்புல, கவனத்துல தெரியலாம்னும் சொல்றாங்க. ஒன் புள்ளைக்கு ஆகும்னு சொல்லல. ஆகாதுன்னும் சொல்ல முடியல. இவ்வளவுன்னா பரவாயில்லன்னு ஒரு அளவே எங்ககிட்ட கெடையாது. இன்னையோட விட்டுரு. இப்ப விடுறது நெசமாவே நல்லது."

"செடிதானே டாக்டர்?"

"அரளியும் செடிதாம்மா."

வாந்திக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதுதானாம், எப்போதோ வந்திருக்கலாமாம். "தண்ணி கூட நிக்கலைன்னா பொறுத்துக்கிட்டா இருப்பீங்க?" மாத்திரைச் சீட்டை லாத்தாதான் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேனில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். வேகமாக, படகு மோட்டார் மாதிரி. இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறதாம். வளர்த்தியைத் தொடர்ந்து பார்க்கணுமாம். 'இப்போதைக்கு' என்ற வார்த்தையோடு பஸ் ஏறினோம். ஊர் வரும்வரை நான் பேசவில்லை. கண்டக்டரே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 18, திங்கள்

வானம் வெளுத்துவிட்டது. நல்ல வரத்து. ஏலத்தில் குரல் எழும்பவில்லை. கூடையில் இருந்ததை இருந்தபடியே சொன்னேன். ஒருத்தன் கத்தினான்: "என்ன மாமு, இன்னைக்கு மீனெல்லாம் மீனாவே இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள்.

நஸீமாவுக்கு வாந்தி திரும்பிவிட்டது. மாத்திரையில் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. கஞ்சி நின்றது. புருஷனிடம் அவளே சொல்லிவிட்டாள். போனில் அழுதானாம், திட்டவில்லையாம்.

மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் கை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. அந்த ஆட்டுக்குட்டி நெசமாவே டான்ஸ் ஆடுச்சா?"

"பொய்தான்மா. எல்லாம் பொய். நண்டு, கணவாய், ஆடு, எல்லாம்."

"அப்பச் சரி" என்று எழுந்துபோனாள். முகம் தெளிந்திருந்தது.

நண்டு பொய். கணவாய் பொய். மசக்கை பறந்தது பொய். ஒரே ஒரு துளி மட்டும் நிஜம். ஆடு தின்றது. பிறந்த குட்டி கைக்குள் அடங்கும் அளவு. எழுந்து நிற்கப் பார்த்தது, நாலு காலும் நடுங்கின, விழுந்தது, மறுபடி எழப் பார்த்தது. இலையாலா, வேறெதனாலா, அல்லாவுக்குத்தான் தெரியும். நாங்கள் சுற்றி நின்று சிரித்தோம். அதற்கு டான்ஸ் என்று பேர் வைத்தது நான்.