ஏனுங்க, கியர் ஆயிலை நானே மாற்றிவிட்டேன்

ஏனுங்க,

கடிதத்தை 'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். வேறு யார் வீட்டுக்காரருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. நம் ஊரில் பால்காரரையும் பஸ் கண்டக்டரையும்கூட ஏனுங்க என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனாலும் அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் அது உங்களைத்தான் என்று உங்களுக்குத் தெரியும். அதே குரல்தான் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். உங்கள் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை நானே மாற்றினேன். நம் போர்டிகோவில் சாக்கு விரித்து, மல்லாக்கப் படுத்து, தலைமுடியிலெல்லாம் ஆயில் வடிய மாற்றினேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள். அப்புறம், "உனக்கு எதுக்கு அம்மணி இந்த வேலை?" என்று கேட்டிருப்பீர்கள்.

எதற்கு என்று சொல்கிறேன். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வண்டி ஒரு மாதிரியாக இருந்தது. காலையில் கியரை 'டி'யில் போட்டால் உடனே நகராது, கொஞ்சம் யோசிக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல் டொக்கென்று ஒரு குலுக்கல், அப்புறம்தான் கிளம்பும். கவுண்டம்பாளையம் மேம்பாலத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது. காரமடை ஆஸ்பத்திரி லேப் வேலைக்குத் தினமும் நான் இதில்தான் போய்வருகிறேன். உங்கள் முழங்கால் கிளட்ச் மிதிக்க மாட்டேன் என்றபோது வாங்கிய ஆட்டோமேட்டிக் இது. நான் ஓட்டக் கற்றதும் இதில்தான். கியர் மாற்றி ஓட்டுகிற வண்டி எனக்கு இன்றுவரை வராது.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "கியர்பாக்ஸ் தேஞ்சுபோச்சுங்க. பேசாம வித்துப்போடுங்க" என்றார்.

"ஆயில் மாத்திப் பாக்கலாமுங்களா?"

"இத்தனை வருசமா மாத்தாத ஆயிலை இப்பப் போய் மாத்துனா, ஓடறதும் நின்னு போயிருமுங்க."

"ஏனுங்க அப்படி?"

"அது அப்படித்தானுங்க."

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அது அப்படித்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பழைய ஆயிலுக்கு வண்டியை ஓட்டத் தெரிகிறது, புது ஆயிலுக்குத் தெரியாதா? போனில் கண்ட கண்ட வீடியோவையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க இரண்டு கட்சி இருப்பது தெரிந்தது. ஒரு கட்சி சொல்கிறது: உள்ளே தேய்ந்த தூளெல்லாம் பழைய ஆயிலில்தான் மிதக்கிறது, அந்தத் தூள் கொடுக்கிற பிடியில்தான் வண்டி நகர்கிறது, அதைக் கழுவி எடுத்துவிட்டால் வழுக்கிவிடும். இன்னொரு கட்சி சொல்கிறது: அதெல்லாம் கதை, சாகப்போகிற கியர்பாக்ஸுக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றிவிட்டு ஆயில் மேல் பழி போடுகிறார்கள். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இங்கே உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இரும்பு வார்க்கிற பவுண்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர் நீங்கள். வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார், என் தையல் மெஷின் என்று நீங்கள் கழற்றாத பொருள் கிடையாது. இந்தக் கியர்பாக்ஸை மட்டும் ஏன் தொடவில்லை? வண்டியோடு வந்த புத்தகத்தில் மாற்றத் தேவையில்லை என்று போட்டிருப்பதை நம்பினீர்களா? அல்லது அந்த மெக்கானிக் சொன்ன பயம் உங்களுக்கும் இருந்ததா? எதற்கும் பயப்படாத ஆள் என்று உங்களைப் பற்றி நான் நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் பெருந்துறையிலிருந்து உங்கள் தம்பி அந்தோணி போன் செய்தார்.

"அண்ணி, வண்டிக்கு ஒரு ஆளு பாத்துட்டேனுங்க. ஞாயித்துக்கெழமை பூசை முடிச்சுப்போட்டு வாரேன். வண்டியக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு பஸ்ஸுல போய்ட்டு வாங்க. வழியில நின்னுபோச்சுன்னா ஒத்தையில என்ன பண்ணுவீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நீங்கள் போன பிறகு என்னைப் பற்றிக் கவலைப்படுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். நானும் வாய் விட்டுவிட்டேன். "ஆயிலை மாத்திப் பாக்கறேனுங்க தம்பி. அதுக்கும் சரியாகலைன்னா சாவிய உங்க கையில குடுத்தர்றேன்."

போனை வைத்த பிறகுதான் சொன்னது உறைத்தது. பஸ்ஸில் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை, பாதி லேப் பஸ்ஸில்தான் வருகிறது. ஆனால் நீங்கள் இல்லாத இந்த வீட்டிலிருந்து நானாக நினைத்து, நானாகக் கிளம்பி, யாரிடமும் எப்போது வருவேன் என்று சொல்லாமல் போவது இந்த வண்டியில்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆயில் மாற்றி வண்டி நின்றுவிட்டால் அதுவும் போய்விடும். மாற்றாவிட்டாலும் போய்விடும்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு செல்வராஜைத் துணைக்குக் கூப்பிட்டேன். கிரைண்டர் கடையில் கணக்குப் பார்க்கிறாரே, அவர்தான். டயர் கடையிலிருந்து இரும்பு ஸ்டாண்டுகளை வாங்கிவந்து, பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்தோம். இரண்டு பேரும் கீழே படுத்து அண்ணாந்து பார்த்தோம். எனக்கென்றால் ஒரே வியப்பு. இத்தனை வருஷம் இதன் மேல் உட்கார்ந்து போயிருக்கிறேன், அடியில் இப்படி ஓர் ஊரே இருக்கிறது.

வடிக்கிற போல்ட் எது என்று தேடினேன். அறுகோணத் தலையோடு ஒன்று தெரிந்தது. "இதுதானுங்களே செல்வராஜ்?" என்றேன். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும் அக்கா" என்றார். ஆம்பிளை, அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நான் நினைத்தேன். அக்கா மூன்று நாளாக வீடியோ பார்த்தவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். கழற்றினோம்.

கறுப்பாகக் கொட்டியது. நீல டப்பில் விழுந்ததை எட்டிப் பார்த்தேன். புது ஆயில் செம்பருத்திப் பூ ஊறிய தண்ணீர்போல் சிவப்பாக இருக்கும், கெட்டுப்போனால் பழுப்பாகும், ரொம்பக் கருகினால்தான் கறுக்கும் என்று படித்திருந்தேன். தார்போல இருக்கிறதே, மெக்கானிக் சொன்னது சரிதான், முடிந்தது கதை என்று அப்படியே கிடந்தேன்.

அப்புறம் லேப் புத்தி வேலை செய்தது. சாம்பிளைப் பார்த்ததும் முடிவு சொல்லக் கூடாது, யாருடைய சாம்பிள் என்று முதலில் பார்க்க வேண்டும். விரலில் தொட்டு மோந்தேன். கருகிய வாடை இல்லை. உங்கள் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றும்போது நம் வாசலில் அடிக்குமே, அந்த வாடை. எழுந்துபோய் பானெட்டைத் திறந்து எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தேன். நுனியில் ஒன்றும் இல்லை. நாங்கள் வடித்தது எஞ்சின் ஆயில்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகமுங்க அக்கா" என்றார் செல்வராஜ்.

"சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்க அவ்வளவு உறுதியாச் சொல்றப்ப எப்படிங்க குறுக்க பேசறது?"

நம் ஊர் மரியாதை ஒரு எஞ்சினைக் காலி செய்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் தலை பானெட்டில் இடித்துக்கொண்டது. பாவம், அவரே ஸ்கூட்டரை எடுத்துப்போய் எஞ்சின் ஆயில் வாங்கிவந்தார். அதை ஊற்றி, குச்சியில் அளவு பார்த்து, மறுபடியும் கீழே போனோம். இந்த முறை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாங்கள் தேடியது போல்ட் தலையை. கியர்பாக்ஸ் போல்டுக்கோ தலையே கிடையாது, நடுவில் சதுரமாக ஒரு குழி. ராட்செட் ஸ்பேனரின் சதுர முனையை நேராக அதற்குள் வைத்துத் திருக வேண்டும். கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்கிறது.

அதிலிருந்து வந்தது பழுப்பு நிறம். கடுங்காப்பி நிறம் என்றே சொல்லலாம், வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டபோது மட்டும் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. போல்டின் நுனியில் காந்தம் வைத்திருக்கிறார்கள். அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல் ஏதோ அப்பியிருந்தது. சாம்பல் புதன்கிழமை நெற்றியில் பூசும் சாம்பலை எண்ணெயில் குழைத்த மாதிரி. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று இல்லை, மையாக இருந்தது. இரும்புச் சில்லு இருந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம், இப்படி மையாக இருந்தால் சாதாரணத் தேய்மானம்தானாம். நீங்கள் ஓட்டியதும் நான் ஓட்டியதும் அதில் கலந்துதானே இருக்கும்? எது யாருடையது என்று பிரிக்க எந்த லேபிலும் முடியாது. அதைத் துணியில் துடைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வடிந்ததை லேபிலிருந்து கழித்துப்போட்ட அளவு ஜாடியில் ஊற்றி அளந்தேன். உள்ளே இருப்பதாக வீடியோவில் சொன்னதில் பாதிகூட வரவில்லை. மிச்சம் கியர்பாக்ஸின் வயிற்றுக்குள்ளேயே நின்றுகொள்ளும், போல்டைக் கழற்றினால் வராது. எவ்வளவு வந்ததோ அவ்வளவு புதிதாக ஊற்ற வேண்டும், பழையதும் புதியதும் உள்ளே கலந்துகொள்ளும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்து ஊற்ற வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி கொடுத்தாகிவிட்டது. ஊற்றி முடித்து, வண்டியை இறக்கி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, அளவையும் சரிபார்த்தேன். தெருவுக்கு எடுக்க மட்டும் அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தார். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "போலாமுங்களா அண்ணி?" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். 'டி'யில் போட்டேன். கொஞ்சம் யோசித்தது. குலுக்கல் வந்தது, ஆனால் உதை இல்லை, தோளைத் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி. அவர் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். கவுண்டம்பாளையம் மேம்பாலத்தில் கத்தாமல் ஏறியது.

"இன்னும் லேசா இழுக்குதுங்களே அண்ணி" என்றார்.

"ஆமாங்க. பாதிதான் மாத்தியிருக்குது."

சாவியைக் கொடுக்கிறேன் என்று சொன்னவள் நான். சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மேம்பாலத்தை விட்டு இறங்கியதும், "பஸ்ஸுக்கு எதுக்குங்க நிக்கறது? பெருந்துறைக்கே கொண்டுபோய் உட்டுருங்க" என்றார்.

ஹைவேயில் நான் அவ்வளவு தூரம் ஓட்டியதே இல்லை. கருமத்தம்பட்டி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார். செங்கப்பள்ளி வரும்போது சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நீங்கள் அந்த சீட்டில் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. நான் ஓட்டினால் உங்கள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். நீங்கள் தூங்குகிற அளவுக்கு நான் ஓட்டியதை நீங்கள் பார்க்காமலே போய்விட்டீர்களே என்று இருந்தது. ரோடு கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது, வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. வண்டி கேட்டிருந்த ஆள். பாதித் தூக்கத்தில் எடுத்து, "இல்லீங்க, குடுக்கறதில்லீங்க... ஏனா? எங்க அண்ணி ஓட்டறாங்க" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டு, மறுபடியும் தூங்கிவிட்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மிச்ச ஆயிலையும் மாற்றுவேன், அடியில் கிடக்கிற அத்தனை போல்டும் எதற்கு என்று தெரிந்துகொள்வேன், என் கண் தெளிவாகத் தெரிகிற வரைக்கும் ஓட்டுவேன். இதுவரைக்கும் யார் கேட்டாலும் அவர் வண்டி என்றுதான் சொல்லிவந்தேன். இனிமேல் என் வண்டி என்று சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே?

உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லா