தூபாவின் செடியும் கூன்வண்டும்

ஜூன் 3, செவ்வாய்

பால் பொங்கி வழிந்தது. அடுப்புப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.

கொல்லைச் சந்தில் மகள் தூபாவின் தொட்டிச் செடி, இலையோரமெல்லாம் கடிபட்டிருக்கிறது. அவளுக்குப் படம் அனுப்பினேன். கூன்வண்டாம். கையால் பொறுக்கச் சொன்னாள்.

அவள் போய்ப் பதினோரு மாதம். நிச்சயித்த நிக்காஹை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கோத்தகிரிக்குச் செடி நர்சரி வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து இவர் அவள் பேரைச் சொல்வதில்லை.

ஜூன் 5

இருபத்தேழு வண்டு.

ஜூன் 7

பக்ரீத். பிரியாணி செய்தேன். உப்பு சரியா என்று தெரியவில்லை.

ஜூன் 12

நிறம்பல்லி என்று தொட்டியில் இருக்கும் மரத்தின் பேர். ஊசியிலை மரங்களின் இனமாம், ஆனால் இலை அகலம். காட்டிலேயே அருகிப் போய்விட்டதாம். இரண்டு வருஷத்தில் ஒரு சாண்தான் வளர்ந்தது. வண்டு அப்படியில்லை, எங்கும் கிடைக்கும், அரிசியளவு. விரல் பட்டதும் காலை மடக்கி விழுந்து, செத்ததுபோல் கிடக்கும். மரத்துக்கு அப்படி விழத் தெரியாது. கடித்தாலும் நிற்கிறது.

நான்? இவர் கத்தினால் விழுந்து கிடப்பேன். போனதும் எழுந்து சமைப்பேன். வெட்கமா? அதுகூட இல்லை.

ஜூன் 17

இவர் தோல் மண்டியில் வேலை. பக்ரீத் ஆட்டுத்தோல் குவிந்து கிடக்கிறது. அங்கே தோலில் விழும் வண்டுக்கு அடிக்கும் மருந்தைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமல் செடிக்கு அடித்தார்.

"இன்னா பாக்குற? தினம் உக்காந்து பொறுக்கினு கீறியே, அதான்."

கவனித்திருக்கிறாரா?

ஜூன் 20

செடி முழுக்கக் கருகிவிட்டது, குருத்தும். தோலுக்குக் கலக்கும் அளவிலேயே கலந்திருக்கிறார். தோல் செத்தது, தாங்கும். இது உயிராச்சே.

இவர் தொட்டியையே பார்த்தபடி நின்றார். நான் சோறு வடித்தேன். தூபாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் என் போனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார். வேறு யாரிடமோ பேசத்தான் என்று நினைத்தேன்.

"தூபா, அப்பா பேசுறேன். உன் செடிய நான்தாம்மா சாவடிச்சிட்டேன்."

அவள் சொன்னது கேட்கவில்லை. ரொம்ப நேரம் "ம்" கொட்டினார். அங்கே குளிர் ஜாஸ்தியா என்று விசாரித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

காதில் வைத்தேன். அழுதேன், அழுதுகொண்டே இருந்தேன். பால் பொங்கும் முன் இவர் போய் அடுப்பை அணைத்தார்.