பைனலுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு
பூசை முடிந்ததும் எங்கள் பாடகர் குழு என்னைச் சூழ்ந்துகொண்டது. செப்டம்பர் மாதா திருநாளுக்கான ஒத்திகைப் பதிவுகளை எல்லோர் போனுக்கும் அனுப்பும் ஃபைல் ஷேரிங் புரோகிராமைக் கோயில் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தது நான்தான். அதில் விழும் ஒவ்வொரு ஃபைலும் எல்லோருக்கும் போய்விடுகிறது. ஆர்மோனியம் வாசிக்கும் மதலைமுத்து அண்ணன் ஒத்திகை தொடங்கினால் ரெக்கார்டரைப் போடுவார், அணைக்க மாட்டார். நாற்காலி இழுப்பது, காபி உறிஞ்சுவது எல்லாம் வந்து சேர்கிறதாம். "போன்ல இடமே இல்லம்மா. நீ ஆபீஸ்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங்தானே பிரிஜெட், ஏதாச்சும் பண்ணு," என்றார் ஃப்ளோரா ஆண்டி.

ஆகஸ்ட் 13
பண்ணிவிட்டேன். ஃபைலின் பெயரைப் பார்த்து அனுப்பும்படி விதி எழுதலாம். நட்சத்திரக் குறி போட்ட இடத்தில் எந்த எழுத்தும் வரலாம், எத்தனையும் வரலாம். ‘பைனல்*’ என்று கொடுத்தேன். பைனல் என்று தொடங்குவது மட்டும் போகும்.
அண்ணனிடம், "நல்லா வந்த பதிவுக்கு மட்டும் பைனல்னு பேர் வைங்க," என்றேன்.
"அவ்ளோதானா," என்றார்.

ஆகஸ்ட் 16
ஒன்றுமே போகவில்லை. அவர் வைத்த பெயர் ‘மாதா பாட்டு ஃபைனல்’. சொல் கடைசியில் இருக்கிறது. முன்னால் ஆய்த எழுத்து வேறு. யார் கேட்டார்கள் ஆய்த எழுத்தை?
இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டேன்: ‘*பைனல்*’. இனி எங்கே இருந்தாலும் பிடிக்கும், ஆய்தத்தோடு வந்தாலும் பிடிக்கும். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 19
‘பைனல் இல்லை’, ‘நேத்து பைனல்’, ‘பைனல்தான் ஆனா சரியில்லை’ — எல்லாம் போயிருக்கிறது. போகட்டும். யாருக்கு என்ன கெடுதல்?

ஆகஸ்ட் 20
கெடுதல்.
‘ரெஜினா பைனல் நோட்’ என்று ஒரு ஃபைல். ரெஜினா அக்காதான் திருநாளில் தனிக்குரல். பாட்டின் கடைசியில் வரும் உச்ச ஸ்வரத்தை அவர் பாடியதை மட்டும் அண்ணன் தனியாக வெட்டி வைத்திருக்கிறார். அதன் பின்னால் தான் என்னிடம் பேசியதை வெட்டவில்லை.
"மேல போக முடியலம்மா அதுக்கு. ஓசூர் ரோட்டுல பஸ்ஸு பிரேக் அடிச்ச மாதிரி இருக்குது."
பிறகு ஒரு சிரிப்பு. என் சிரிப்பு. பேச்சைவிட அது நீளம். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சிரிக்கிறேன்.
எல்லோர் போனிலும். ரெஜினா அக்கா போனிலும். லேப்டாப்பில் அழித்தேன், இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். ஆனா கேட்டுட்டாங்களே. கேட்ட காதை எதை வெச்சு அழிக்கிறது?

ஆகஸ்ட் 22
அக்கா ஒத்திகைக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. "டெக்னிகல் பிராப்ளம்னு சொல்லிடு," என்கிறார் அண்ணன். நான் சிரிச்சது டெக்னிகலா?

ஆகஸ்ட் 24, சனி
ஒக்கலிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனோம். ஆட்டோவில் வழியெல்லாம் அண்ணன் மன்னிப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா கதவைத் திறந்தார்.
"வாங்க. பஸ்லயா வந்தீங்க?"
அண்ணனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. "அது சும்னே... சும்மா ஒரு பேச்சுக்கு..."
"பேச்சுக்கு இல்ல, உண்மைதான். போன வருஷமே எனக்கு எட்டல. நீங்க ஆர்மோனியத்த சத்தமா அமுக்கி மூடிட்டு, ‘சக்கத்தா பாடின ரெஜினா, சூப்பர்’ன்னீங்க. நானும் நம்பிட்டேன்."
எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தண்ணீர் கொடுத்தார். "சிரிச்சாலும் நிறுத்த மாட்ட, அழுதாலும் நிறுத்த மாட்டியா?"
பிறகு அண்ணனைப் பார்த்து, "மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா அன்னைக்கே சுருதிய இறக்கச் சொல்லியிருப்பேன். இறக்குறீங்களா, இல்ல நான் வீட்லயே இருக்கவா?" என்றார்.
சுருதியை இறக்குவது அண்ணனுக்குக் கோயில் கோபுரத்தை இறக்குவது மாதிரி. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.
"இறக்குறேன்," என்றார்.

ஆகஸ்ட் 25
விதியை மாற்றினேன். யாரும் தவறிக்கூட எழுதாத சொல் வேண்டும். ‘அன்னாசி*’. ஃபாதர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "‘அன்னாசி மாதா பாட்டு’ன்னா எந்தப் பாட்டும்மா?" என்று கேட்டார். விளக்கினேன். புரிந்த மாதிரி தலையாட்டினார்.

செப்டம்பர் 8
திருநாள். இரண்டாவது சரணத்தில், கோயிலின் பின்வரிசையில் நின்ற ஆண்கள் மெதுவாக முனக ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் நாங்கள் பாட, கையைக் கட்டிக்கொண்டு கேட்டவர்கள். இந்தச் சுருதி தங்களுக்கும் எட்டுகிறது என்று தெரிந்ததும் குரலை விட்டார்கள். கடைசி வரியில் ரெஜினா அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டார். குரல் போய்விட்டதோ என்று பயந்து திரும்பினேன். புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலே பாடியது.

நவம்பர் 10, ஞாயிறு
கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு முதல் ஒத்திகை. பாதியில் ரெஜினா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "பிரிஜெட், நீ சுருதியில சேரல."
"ஆமா, ரொம்ப நாளாவே சேரல. சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றார் ஃப்ளோரா ஆண்டி. அண்ணன் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.
அக்கா தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். போய் உட்கார்ந்து, முதலிலிருந்து பாடினேன்.